இங்கே சாதி பேசக் கூடாது

அந்த வரியை எழுதியவள் நான்தான். முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுகிறேன்.

திருமுல்லைவாயிலில் எங்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. வயரிங், பிளம்பிங், பெயிண்டிங், தையல், டிபன் கடை, ஆட்டோ என்று சொந்தமாகத் தொழில் செய்து பிழைக்கிறவர்களின் சங்கம். பாதிப்பேர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கான்ட்ராக்டில் இருந்து, வேலை நின்றுபோய், தெரிந்த தொழிலை வைத்துக்கொண்டு வெளியே வந்தவர்கள். நான் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். மனு, நோட்டீஸ் எழுதித் தருகிறேன். மாதம் ஒருமுறை தையல்கார அக்கா கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கூட்டம் போடுவோம். சங்கத்துக்கு நடத்தை விதிகள் வேண்டும் என்று முடிவானபோது, "நீதான் தமிழ் எம்.ஏ. படிச்ச பொண்ணு, நீயே எழுதும்மா" என்றார் தலைவர்.

நாலு விதி எழுதினேன். ஒருவருக்கொருவர் மரியாதையாகப் பேச வேண்டும். ஒருத்தர் பேசின கூலியைக் குறைத்து இன்னொருத்தர் வேலையைப் பிடிக்கக் கூடாது. அடுத்தவர் வாடிக்கையை இழுக்கக் கூடாது. நாலாவது, இங்கே சாதி பேசக் கூடாது. நாலாவதற்குத்தான் கைதட்டல் அதிகம். எனக்கும் அது பிடித்திருந்தது. "எந்தத் தெரு?" என்று கேட்டே ஆளை எடைபோடுகிற ஊரில் வளர்ந்த சேரிப் பெண் நான். யாரும் கேட்காத ஒரு இடம் கிடைத்தால் போதும் என்று இருந்தது.

சங்கத்தில் ஒரு வேலை நோட்டு உண்டு. வீட்டுக்காரர்கள் போன் செய்தால், நோட்டை வைத்திருப்பவர் யாரை அனுப்புவது என்று முடிவு செய்து எழுதுவார். எங்களில் ஒரு தம்பி, ஐ.டி.ஐ. படித்த பிளம்பர். அருந்ததியர். ஒரு கூட்டத்தில் எழுந்து கேட்டான்: "ஏண்ணே, புது பில்டிங்ல பைப் லைன் வந்தா என் பேரு ஞாபகம் வரல. கக்கூஸ் அடைப்புன்னா மட்டும் எப்டி ஞாபகம் வருது?"

தலைவர் சொன்னார்: "தம்பி, நாலாவது விதி. இங்க சாதி பேசக்கூடாது. அப்புறம் மொத விதி, மரியாதையா பேசு."

அவன் சாதி என்ற சொல்லையே எடுக்கவில்லை. சாதி பேசுகிறான் என்று தலைவருக்கு எப்படித் தெரிந்தது? கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவன் உட்கார்ந்தான். அடுத்த மாதத்திலிருந்து வரவில்லை.

பிறகு அந்த நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். அடைப்பு என்று எழுதிய இடத்திலெல்லாம் அவன் பெயர். சாதி என்று ஒரு எழுத்துகூட அதில் இல்லை. அப்படியானால் விதியை மீறியது யார்? நோட்டில் சாதியைச் செய்தவர் எதையும் மீறவில்லை. அதை வாய்விட்டுச் சொன்னவன்தான் மீறியவன். நான் எழுதிய விதி அப்படித்தான் வேலை செய்தது. எனக்கு நிழலாக இருந்த அதே மௌனம் அவன் கழுத்தைப் பிடித்தது. நானும் தலித்துதான், ஆனால் என்னை யாரும் அடைப்பெடுக்கக் கூப்பிட மாட்டார்கள். என் கையில் பேனா இருக்கிறது. தலித் என்ற ஒரே சொல்லுக்குள் இருக்கிற இந்த மேடு பள்ளத்தையும் நாம்தான் பேச வேண்டும்.

எம்.ஏ.யில் திருக்குறளுக்குப் பரிமேலழகர் உரை படித்தோம். ஒழுக்கம் என்பதற்கு அவர் சொல்லும் பொருள், அந்தந்த வருணத்தார் தத்தமக்கு விதிக்கப்பட்ட நிலையிலிருந்து வழுவாமல் நடப்பது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கினேன். அந்த ஒழுக்கம் தையல் கடைக்குள்ளும் வந்து உட்காரும் என்று அன்றைக்குத் தெரியவில்லை. அவனவன் இடத்தில் அவனவன் இருந்தால் ஒழுக்கம். ஏன் என்று கேட்டால் மரியாதை தெரியாதவன். நடத்தை விதி எழுத உட்காருகிற எவருக்கும் இந்தப் பழைய பொருள் கைக்குள் வந்து மாட்டும்.

சங்கங்களின் வரலாற்றில் இது புதிதல்ல. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. மூன்றே ஆண்டில், 1921இல், பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தம் சாதி வழியாக உடைந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. அவர்களைக் கருங்காலி என்று சொல்வது சுலபம். 'தொழிலாளர் எல்லாரும் ஒன்று' என்ற குரலுக்குள் தங்களுக்கு இடம் இருந்ததா என்று அவர்கள் கேட்டிருக்க மாட்டார்களா? பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களைச் சேர்க்கவில்லை. அறுந்த நூலை வாயில் வைத்து எடுக்க வேண்டும், அதனால் தீட்டாம். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன்னால் வைத்தார். ஒற்றுமையைக் கெடுக்க அல்ல, ஒற்றுமை என்றால் என்ன என்று கேட்க.

முதலாளி இல்லாதவர்களின் சங்கத்துக்கு இன்னொரு உதாரணம் உண்டு. அகமதாபாத்தில் எலா பட் 1972இல் தொடங்கிய சேவா. தலைச்சுமைக்காரிகள், காய்கறி விற்பவர்கள், வீட்டில் தைப்பவர்கள். முதலாளி இல்லாதவர்களுக்கு எதற்குச் சங்கம் என்று பதிவு செய்யவே மறுத்தார்கள். வாதாடிப் பதிவு வாங்கினார்கள். 1981இல் குஜராத்தில் மருத்துவக் கல்லூரி இடஒதுக்கீட்டுக்கு எதிராகக் கலவரம் நடந்தபோது எலா பட் தலித்துகளுக்காகப் பேசினார். அவர்களை வளர்த்த ஜவுளித் தொழிலாளர் சங்கம் சேவாவையே வெளியே அனுப்பியது. பேசாமல் இருந்திருந்தால் தாய்ச் சங்கத்தின் நிழல் நிலைத்திருக்கும். அவர்கள் விலை கொடுத்தார்கள்.

நான் வந்து நிற்கிற கேள்வியும் இந்த விலை பற்றித்தான். பெயிண்டர் அண்ணன் என்னிடம் தனியாகச் சொன்னார்: "நான் யார் சாதியும் பாக்கறது இல்லம்மா. ஆனா வீட்டுக்காரனே 'வேற ஆள் அனுப்பு'ங்கிறான். சமையல்கட்டு வேலைன்னா என்ன ஆளுங்கன்னு கேக்கறான். நாம கொள்கை பேசினா வேலை போயிடும். எல்லாருக்கும் குடும்பம் இருக்கு இல்ல?"

அவர் பொய் சொல்லவில்லை. வேலை போகும். ஆனால் இதுவரையிலும் போய்க்கொண்டுதானே இருந்தது? அந்தத் தம்பிக்கு மட்டும் போனது. ஒருத்தன் தலையில் மட்டும் விழுந்தபோது அதற்குப் பெயர் தொழில் நடைமுறை. எல்லார் தலையிலும் விழும் என்றதும் அதற்குப் பெயர் நஷ்டம். 'எல்லாரும் சமம்' என்று எழுத மை போதும். சமத்துவத்தின் செலவை யார் ஏற்பது என்பதை எழுதாத விதி விதியே அல்ல.

அதனால் மறுபடி எழுதினேன். யாரிடமும் சாதியைக் கேட்கக் கூடாது. சாதியால் தனக்கு நடந்ததைச் சொல்ல யாருக்கும் தடை இல்லை. வேலை முறைவைத்துப் போகும். நோட்டை யாரும் எப்போதும் திறந்து பார்க்கலாம். வீட்டுக்குள் அடைப்பு என்றால் எல்லா பிளம்பருக்கும் முறை வரும். செப்டிக் டேங்கில் யாரும் இறங்கக் கூடாது, யாரையும் அனுப்பவும் கூடாது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை அதில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருக்கிறது. வீட்டுக்காரர் சாதி கேட்டால் அந்த வீட்டுக்குச் சங்கத்திலிருந்து ஒருத்தரும் போவதில்லை. 'மரியாதையாகப் பேசு' என்பது புகாருக்குப் பதில் ஆகாது. புகாருக்கு ஆளானவர் அதை விசாரிக்கக் கூடாது.

விசாரிக்கும் குழுவில் பெண்களும் தலித்துகளும் இருந்தே ஆக வேண்டும் என்றும் சேர்த்தேன். இது சலுகை அல்ல. 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் வேண்டும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடம் வேண்டும் என்கிறது. தெருவில் தள்ளுவண்டிக்கு இருக்கிற விதி, ஷட்டருக்குள் நமக்கு ஏன் கூடாது?

இன்னும் கூட்டத்தில் வைக்கவில்லை. வைத்தால் சிலர் எழுந்து போவார்கள். சாதியைப் பேசி சங்கத்தைப் பிரிக்கிறாள் என்பார்கள். பிரிந்து கிடந்ததைத்தான் நோட்டில் பார்த்தேன் என்று சொல்வேன்.

அதற்கு முன்னால் தாளை எடுத்துக்கொண்டு அந்தத் தம்பி வீட்டுக்குப் போனேன். நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவன் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. தாளை வாங்கி இரண்டு முறை படித்தான்.

"நல்லாத்தான் எழுதி இருக்கீங்க அக்கா. நோட்டு யார் கையில இருக்கும்?"

அதை நான் எழுதியிருக்கவில்லை. அங்கேயே பேனாவை வாங்கி எழுதிச் சேர்த்தேன்: நோட்டு மாதம் ஒருவர் கையில் இருக்கும். முதல் மாதம் யார் கையில் என்பதையும் கூட்டத்தில் நானே எழுந்து சொல்ல வேண்டும்.