பிறர் பிள்ளையின் தலையில் ஊற்றும் தண்ணீர்

1697இல் கண்டியில் அம்மை நோய் கொள்ளையாகப் பரவியது. பெற்ற பிள்ளையைக்கூட விட்டுவிட்டு உறவுகள் விலகி ஓடின. கோவாவிலிருந்து வந்திருந்த அருட்தந்தை யோசப் வாஸும் அவருடைய மருமகன் முறையான குரு யோசப் கர்வாலியோவும் கைவிடப்பட்டவர்களைத் தேடிப்போய் உணவு கொடுத்தார்கள், பராமரித்தார்கள், இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். எந்தச் சமயத்தவர் என்று பார்க்கவில்லை. 1711இல் கண்டியிலேயே கண்மூடிய வாஸுக்கு, 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத் திடலில் புனிதர் பட்டம் அளித்தார்.

வாஸ் கற்றிருந்த இறையியல் அந்தக் கைகளைப் போல இளகியதல்ல. திருச்சபைக்கு வெளியே நின்று சாகிறவர்களுக்கு நித்திய நெருப்புத்தான் என்று 1442இல் புளோரன்ஸ் பொதுச்சங்கம் எழுதிவைத்திருந்தது. ஞானஸ்நானம் பெறாத சிசுவுக்கும், மிக மென்மையானதாயினும், தண்டனை உண்டு என்பது புனித அகுஸ்தீனின் முடிவு. பிற்காலத்தார் மனமிரங்கி ‘லிம்போ’ என்ற நிலையைச் சொன்னார்கள்: அங்கே வேதனை இல்லை, கடவுளின் தரிசனமும் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு இது என்ன ஆறுதல்?

இருபதாம் நூற்றாண்டில் பேச்சு மாறியது. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், மனச்சாட்சிப்படி கடவுளைத் தேடுகிறவர்களும் மீட்படையலாம் என்று 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. கடவுள் மீட்பை ஞானஸ்நானத்தோடு இணைத்திருந்தாலும் தாம் அந்தச் சடங்குக்குள் அடைபட்டவர் அல்லர் என்கிறது 1992இன் மறைக்கல்வி ஏடு. ஞானஸ்நானமின்றி இறக்கும் சிசுக்கள் மீட்படைவார்கள் என்று நம்பப் பலமான காரணங்கள் உண்டென, 2007இல் சர்வதேச இறையியல் ஆணைக்குழு எழுதியது. நிச்சயம் என்று சொல்லவில்லை; நம்பிக்கை என்றுதான் சொன்னது. அந்த அடக்கம் நேர்மையானது.

ஆனால் சட்டப் புத்தகம் பழைய பயத்தை இன்னும் விடவில்லை. மரண ஆபத்திலுள்ள குழந்தைக்கு, பெற்றோர் கத்தோலிக்கர் அல்லாவிட்டாலும், அவர்கள் விரும்பாவிட்டாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்கிறது 1983இன் திருச்சபைச் சட்டத்தின் 868ஆம் பிரிவு. கண்டியைப் போன்ற ஊரில் இதை யோசித்துப் பார்க்கவேண்டும். இங்கே ஆஸ்பத்திரி வார்டில் பௌத்தத் தாயும் தோட்டத்துத் தமிழ்த் தாயும் முஸ்லிம் தாயும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருப்பார்கள். பிள்ளையின் தலையில் மூன்று தரம் தண்ணீர் ஊற்றி நாலு சொல் சொல்ல அரை நிமிஷம் போதும், யாருக்கும் தெரியாது.

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படுவது அற்பமான வாதமல்ல. மகாவலியில் தத்தளிக்கும் பிள்ளையைத் தூக்கத் தாயிடம் அனுமதி கேட்டு நிற்பார்களா? கேட்கமாட்டார்கள். ஆனால் அந்தப் பிள்ளையை ஏந்த ஆற்றுக்குள் ஏற்கெனவே ஒரு கை உண்டு என்று நம்பலாம் எனத் திருச்சபையே சொன்னபின், அந்த அவசரம் எங்கே? மிஞ்சுவது பெற்றோருக்குத் தெரியாமல் செய்த காரியம் மட்டுமே. அது எதுவரை போகும் என்பதற்கு இத்தாலியின் பொலோஞா நகரம் சாட்சி. ஒரு யூதக் குழந்தை நோயில் கிடந்தபோது வேலைக்காரப் பெண் இரகசியமாக ஞானஸ்நானம் கொடுத்ததாகச் சொன்னாள். ஞானஸ்நானம் பெற்றவனை யூத வீட்டில் வளரவிடக்கூடாது என்று, 1858இல் பாப்பரசரின் பொலிஸார் ஆறு வயது எட்கார்டோ மொர்தாராவைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பி அந்த வீட்டுப் பிள்ளையாக வரவேயில்லை, பின்னாளில் குருவானான்.

கத்தோலிக்கப் பெற்றோர் கேட்டுக்கொண்டால் கதை வேறு. அவசரத்தில் ஞானஸ்நானம் கொடுக்கக் குருவே வேண்டுமென்றில்லை. திருச்சபை கருதும் எண்ணத்தோடு செய்தால் பௌத்தத் தாதி கொடுத்தாலும் செல்லும். சட்டத்தின் இந்தப் பெருந்தன்மை கண்டிக்கு நன்றாகவே பொருந்துகிறது.

அந்த நேரமும் கிடைக்காமல் பிள்ளை போய்விட்டால்? ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் நினைத்திருந்தார்களானால், கோயில் முறைப்படி அடக்கம் செய்ய ஆயர் அனுமதிக்கலாம் என்கிறது 1183ஆம் பிரிவு. ‘அனுமதிக்கலாம்’ என்பதுதான் இடறுகிறது. சின்னப் பெட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு, அனுமதி வருமா என்று தகப்பன் காத்திருக்க ஏன் விடவேண்டும்? ஒவ்வொரு மறைமாவட்டமும் எல்லாப் பங்குகளுக்கும் சேர்த்து அந்த அனுமதியை முன்கூட்டியே கொடுத்துவைக்கலாம்; அதற்குப் புதிய கோட்பாடு எதுவும் தேவையில்லை.