மூடுக்குக் காத்திராதே!

மூடு வந்ததும் எழுதுவாயா? எப்போது வரும் அது? மகள் கல்யாணம் முடிந்தா? ரிட்டையர் ஆன பிறகா?

எத்தனை வருடமாக இதையே சொல்கிறாய்? மூன்றாம் பக்கத்தோடு நின்றுபோன அந்த நோட்டு யாருடையது?

நேரமில்லை என்கிறாய். ஆனந்தரங்கப் பிள்ளைக்கு மட்டும் நேரம் கொட்டிக் கிடந்ததா?

புதுச்சேரியின் பெரிய வணிகர் அவர். பின்னாளில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், தரகர். சரக்கு, கப்பல், கடன், வழக்கு. ஊரைச் சுற்றிப் போர். அந்த மனிதர் 1736-ல், 27 வயதில், நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 25 ஆண்டுகள் எழுதினார்!

காவியமா எழுதினார்? எந்தக் கப்பல் வந்தது, கவர்னர் என்ன சொன்னார், ஊரில் என்ன பேச்சு. அவ்வளவுதான். பேச்சு மொழியிலேயே எழுதினார்.

ஒரு நாள் குறிப்பை மட்டும் பார்த்தால் சாதாரணம். மொத்தத்தையும் சேர்த்துப் பார்! ஆங்கிலத்தில் அச்சேறியபோது 12 தொகுதிகள். 18-ஆம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் படிக்கும் எவரும் அவரைத் தாண்டிப் போக முடியாது.

அவர் 1761-ல் இறந்தார். அந்த நோட்டுகள் வெளியுலகின் கண்ணில் பட்டது 1846-ல். இருந்தவரை அந்த எழுத்துக்குக் கைதட்டல் இல்லை, பரிசு இல்லை. நீயோ நாலு பேர் பாராட்டவில்லை என்று பேனாவை மூடுகிறாய்!

இன்று நமக்குக் கிடைக்கும் அந்த நாட்குறிப்பிலும் விடுபட்ட நாட்கள் உண்டு. ஒரு நாள் விட்டுப்போனால் குடி முழுகிவிடாது. அந்த ஒரு நாளைச் சாக்காக வைத்து மறுநாளும் விடுகிறாய் பார், அங்கேதான் விழுகிறாய்!

அடிபம்பை அடித்திருக்கிறாயா? முதலில் வெறும் காற்றுதான் வரும். கை வலிக்கும். தண்ணீர் ஏறிவிட்டால் லேசாக அடித்தாலே கொட்டும். நீ எப்போதும் காற்று வரும்போதே கையை எடுத்துவிடுகிறாய்!

மோசமாக வந்துவிடுமோ என்று பயமா? வரும்! முதல் சில மாதம் மோசமாகத்தான் வரும். எழுத எழுதத்தான் எது மோசம் என்பதே உன் கண்ணுக்குப் பிடிபடும். ஓவியம் வரைந்தாலும் பாடினாலும் இதே கதைதான்.

அளவைச் சிறிதாக வை. நேரத்தை மாற்றாதே. அலுத்துச் சலித்த நாளிலும் முடிகிற அளவு எதுவோ, அதுதான் உன் அளவு.

இன்னொன்று. அடுத்த வரி மனதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அன்றைய வேலையை நிறுத்து. அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே அப்படித்தான் நிறுத்துவார். மறுநாள் உட்கார்ந்ததும் விட்டத்தைப் பார்க்க வேண்டியிராது. கை தானாக ஓடும். நேற்றைய உழைப்பு இன்றைய உழைப்பைத் தள்ளிக்கொண்டு போகும்!

உனக்குத் திறமை இல்லையா? யார் சொன்னது? தொடர்ந்து ஆறு மாதம் உட்கார்ந்து பார்த்துவிட்டா சொல்கிறாய்?

இன்று இரவு கைபேசியை அடுத்த அறையில் வை. நோட்டைத் திற. பத்தே வரி எழுது. நாளைக்கும் அதே நேரத்துக்கு வந்து உட்கார்!