பயம் விற்றவர்கள்

பிறரைப் பயமுறுத்திப் பிழைப்பது ஒரு பிழைப்பா? முன்பெல்லாம் யாராவது என்னிடம் இப்படிக் கேட்டிருந்தால், "இல்லை" என்று ஒரே சொல்லில் முடித்திருப்பேன். இப்போது அவ்வளவு துணிச்சல் வருவதில்லை.

1998-இல், சிறுசேரியில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்புவதற்கு முன்பு, என் அத்தை எங்கள் வீட்டில் இருந்தாள். கணவனை இழந்தவள். பகலெல்லாம் வேலை, இரவில் சமையலறை விளக்கடியில், அட்டை கிழிந்த 'மேனகா'. நான் அப்போதுதான் கல்லூரியில் கால் வைத்திருந்தேன். இலக்கியம் இன்னதென்று உலகத்துக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டதாக நினைப்பு. "இந்தக் குப்பையையா படிக்கிறீங்க?" என்று பிடுங்கி, வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

அத்தை கோபிக்கவில்லை. "போகட்டும்பா. அந்தப் பொண்ணு கடைசியிலே தப்பிச்சாளா? அதை மட்டும் சொல்லு" என்றாள்.

நான் விழித்தேன். படித்திருந்தால் அல்லவா சொல்வதற்கு!

அதை எழுதிய வடுவூர் துரைசாமி ஐயங்கார் 1942-இல் காலமானார். 'மேனகா' 1935-இலும், 'திகம்பர சாமியார்' 1950-இலும் திரைப்படங்களாயின. அவர் காலத்தவரான ஆரணி குப்புசாமி முதலியார், ரெயினால்ட்ஸின் ஆங்கில நாவல்களைத் தழுவித் தமிழில் எழுதிக் குவித்தார். அந்த ரெயினால்ட்ஸ் லேசான ஆசாமி அல்ல. 1844-இல் லண்டன் நகரத்து மர்மங்களை வாரம் ஒரு பென்னிக்கு விற்கத் தொடங்கினார். ஓநாயாக மாறும் மனிதனைப் பற்றியும் எழுதினார். கனவான்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் அதே மனிதர்தான் 1848-இல் டிரபால்கர் சதுக்கத்தில் கூடிய கூட்டத்துக்குத் தலைமை வகித்தார்; தொழிலாளிகளுக்கு வாக்குரிமை கேட்டவர்களோடு நின்றார்.

பயத்தில் இரண்டு விதம் உண்டு என்று இப்போது தோன்றுகிறது. இல்லாத பேயைக் காட்டி, இருக்கிற கொடுமையை மறக்கச் செய்வது ஒன்று. அதை எழுதுகிறவனிடம் கணக்குக் கேட்கத்தான் வேண்டும். நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிற பேயை அடையாளம் காட்டுவது மற்றொன்று. மேனகாவின் பயம் புளியமரத்தில் இல்லை. புகுந்த வீட்டில் இருக்கிறது. அத்தைக்குத் தெரிந்த இடம்தான். அங்கிருந்து ஒருத்தி மீள முடியுமா என்பதே அவள் கேள்வி. அதைக் கேட்க அவளுக்கு வேறு யார் இருந்தார்கள்?

பல வருஷம் கழித்து அந்த நாவலைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். பதில் கிடைத்தது. சொல்வதற்குத்தான் அத்தை இல்லை.