காயத்தின் அருகே தையல்நாயகி

வைத்தீஸ்வரன்கோயிலில் இறைவன் வைத்தியநாதனாக எழுந்தருளியிருக்கிறான். அவன் அருகே அம்பிகை தையல்நாயகியாக நிற்கிறாள். நோய் தீர்க்க வைத்தியன் ஒருவன் போதாதா? தாயும் ஏன் உடன் நிற்க வேண்டும்? நோயுற்றுப் படுக்கையில் கிடந்தவர்களுக்கு இதன் விடை தெரியும். மருந்து உடலைத் தேற்றுகிறது. 'நான் இருக்கிறேன்' என்று நெற்றியில் வைக்கும் கை உயிரைத் தேற்றுகிறது.

தமிழில் 'தையல்' என்றால் பெண். ஊசியும் நூலும் கொண்டு செய்யும் வேலையும் தையலே. பிளந்த காயத்தை மருத்துவர் மூடுவதும் தையலே. இந்த மூன்று பொருளும் ஒன்றுகூடும் இடம் ஒன்று உண்டு. காயமுற்ற போர்வீரனுக்காக ஒரு பெண் தைக்கும் போர்வையே அது.

தாய் அனுப்பிய போர்வை

ஸ்ரீசைதன்யர் துறவு பூண்டு பூரியில் வாழ்ந்த காலத்தில், அன்னை சசிதேவி யாத்திரிகர்கள் மூலம் அவருக்கு ஒரு 'கந்தா' அனுப்பினார் என்பது வங்க வைணவ மரபு. பழைய புடவைகளை அடுக்கி, நெருக்கமாக நூலோட்டித் தைத்த போர்வை அது. எல்லாம் துறந்த மகனுக்குத் தாய் வேறு எதைக் கொடுப்பாள்? தெலுங்கு நாட்டில் இத்தகைய போர்வையைப் 'பொந்த' என்பர். நம் வீடுகளில் பழம்புடவை குழந்தைக்குத் தூளியாகிறது. பலமுறை துவைத்து நைந்த துணிதான் உடலை உறுத்தாது. துன்பத்தில் பலமுறை தோய்ந்த உள்ளமும் அவ்வாறே பிறர் வேதனைக்கு இதமாகிறது.

ஹைதராபாத்தில் ஒரு குரல்

1893 பிப்ரவரி 13-ஆம் நாள், செகந்திராபாத் மஹபூப் கல்லூரியில் சுவாமி விவேகானந்தர் மேலைநாட்டுக்குத் தாம் செல்லவிருக்கும் நோக்கத்தை விளக்கிப் பேசினார். அன்று ஹைதராபாத்தில் பிறந்த ஒரு சிறுமிக்குப் பதினான்கு வயது நிறைந்தது. அவரே பின்னாளில் கவிக்குயில் சரோஜினி நாயுடு.

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. பத்து லட்சத்துக்கும் அதிகமான இந்தியர் கடல் கடந்து சென்றனர். 74,000-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. டில்லி தீன்மூர்த்தி நினைவுச்சின்னத்தில் நிற்கும் மூன்று வீரர்களுள் ஒருவர் ஹைதராபாத் குதிரைப்படையைக் குறிப்பவர். அந்நாளில் ஹைதராபாத் பெண்கள் போர் நிவாரணச் சங்கம் அமைத்தனர். அச்சங்கத்தின் 1915 டிசம்பர் அறிக்கைக்காகவே சரோஜினி 'இந்தியாவின் கொடை' என்னும் ஆங்கிலக் கவிதையை எழுதினார். அதில் பாரத அன்னை தன் பிள்ளைகளை இழந்த தாயாகப் பேசுகிறாள். அவர்களை மறவாதீர் என்று வேண்டுகிறாள்.

இங்கிலாந்தின் பிரைட்டன் நகர அரண்மனை 1914 டிசம்பரில் இந்திய வீரர்களுக்கான மருத்துவமனை ஆயிற்று. அவரவர் சமய ஒழுக்கத்திற்கேற்பத் தனித்தனிச் சமையற்கூடங்களும் குடிநீர்க் குழாய்களும் அமைந்தன. உயிர்நீத்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேர் ஊருக்கு வெளியே குன்றின்மேல் தகனம் செய்யப்பட்டனர். அங்கே 1921-இல் ஒரு சத்திரி மண்டபம் திறக்கப்பட்டது. தொண்டு என்பது தொண்டு பெறுபவரின் மனமறிந்து செய்வது என்பதற்கு இது சான்று.

இரவில் வரும் வலி

2003-இல் அமெரிக்கத் தாய் ஒருத்தியின் மகன் ஈராக் போர்முனைக்குச் சென்றிருந்தான். அவள் ஒரு கனவு கண்டாள். நள்ளிரவில் ஓர் இளம் வீரன் கட்டிலின் ஓரத்தில் கூனிக்குறுகி அமர்ந்திருக்கிறான். அடுத்த காட்சியில் அவனைத் தையல் போர்வை ஒன்று சூழ்ந்திருக்கிறது. முகத்தில் நம்பிக்கை தெரிகிறது. அக்கனவிலிருந்து பிறந்த இயக்கம் இதுவரை லட்சக்கணக்கான போர்வைகளை வீரர்களுக்கு வழங்கியுள்ளது.

அந்தத் தாய் போர்க்களத்தைக் கனவு காணவில்லை. போருக்குப் பிந்திய இரவைக் கண்டாள். நாம் மறந்துவிடுவது அந்த இரவைத்தான். பதக்கம் அணிவிக்கும் நாளில் கைதட்டப் பலர் உண்டு. இழந்த கால் இன்னும் இருப்பதுபோல் வலிக்கும் இரவில் அவன் அருகே விழித்திருப்பவள் மனைவி ஒருத்தியே. அப்பாவின் அலறல் கேட்டு விழிக்கும் குழந்தையும் காயமுற்ற குழந்தையே. அந்தப் போர்வை அக்குடும்பம் முழுவதையும் போர்த்த வேண்டும்.

போர்வை சிகிச்சைக்கு ஈடாகாது, ஓய்வூதியத்திற்கும் ஈடாகாது. அவை நாடு தீர்க்க வேண்டிய கடன். ஆனால் 'உன்னை நினைத்து ஒருவர் பல நாள் உட்கார்ந்து தைத்தார்' என்பதை எந்த அரசாணையும் சொல்ல முடியாது.

நம் கையில் உள்ள ஊசி

1962-இல் சீனப் படையெடுப்பின்போது நம் நாட்டுப் பெண்கள் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தனர். இமயக் குளிரில் நின்ற வீரர்களுக்குக் கம்பளிச் சட்டை பின்னினர். அந்த உணர்வு போர்க்காலத்தில் மட்டும் விழித்து, பிறகு உறங்கிவிடலாகாது. 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாளாக அனுசரிக்கப்படுகிறது. அன்று சட்டையில் குத்தும் சிறு கொடியோடு கடமை முடிந்ததா? நம் தெருவிலேயே ஊனமுற்ற முன்னாள் வீரர் ஒருவர் இருக்கலாம். மகனை எல்லையில் இழந்த முதியவள் இருக்கலாம். அவர்கள் வாசற்படி ஏறி நலம் விசாரித்தது எப்போது?

ஜீவனைச் சிவனாகக் கண்டு சேவை செய் என்றார் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர். சிவனுக்கு வஸ்திரம் சாத்துகிறோம். குளிரிலும் நினைவுகளிலும் நடுங்கும் ஜீவனுக்குப் போர்த்தும் துணியும் அதே வஸ்திரம்தான். ஒவ்வொரு தையலிலும் ஒரு நாமம் சொல்லித் தைத்தால் வேலையே ஜபமாகும்.

கிழிந்ததை இணைக்கும் கைகளில் எல்லாம் தையல்நாயகி வந்து அமர்வாளாக!