சைக்கிளும் தராசும்

மனிதர் செய்யும் காரியங்களில் சில, பார்த்தவுடனேயே நல்லவை என்று ஏற்கப்பட்டுவிடுகின்றன. அவற்றைப் பற்றி யாரும் கணக்குக் கேட்பதில்லை; கேட்பவரைக் குதர்க்கம் பேசுபவர் என்று ஒதுக்கிவிடுவதும் உண்டு. காரில் செல்வதைக் காட்டிலும் சைக்கிளில் செல்வது உலகத்துக்கு நல்லது என்னும் கருத்தும் அத்தகையதே. சைக்கிளுக்குப் புகை இல்லை, இரைச்சல் இல்லை, பெட்ரோல் இல்லை. பிறகு ஆராய்வதற்கு என்ன இருக்கிறது? ஆனால் ஆராய்ந்து பார்த்த அறிஞர்கள் இருக்கிறார்கள். வண்டிக்குப் பெட்ரோல் தேவையில்லை என்றாலும், அதை மிதிப்பவனுக்குச் சோறு தேவை. அந்தச் சோறு விளைந்ததிலும் வெந்ததிலும் புகை உண்டு என்பது அவர்கள் வாதம். தராசைப் பற்றித் திருமறையில் திரும்பத் திரும்ப எச்சரிக்கப்பட்ட சமுதாயம் நாம். நமக்குப் பிடித்தமான ஒன்றை நிறுத்துப் பார்க்கச் சொன்னால், முகம் சுளிக்காமல் நிறுத்துப் பார்ப்பதே நமக்கு அழகு.

ஏட்டுக் கணக்காக மட்டும் இதைப் பேசாமல், ஓர் ஊரை முன்வைத்துப் பேசுவோம். சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லி நெடுஞ்சாலையில், மதுரவாயலுக்கும் பூந்தமல்லிக்கும் இடையே வேலப்பன்சாவடி இருக்கிறது. அதே சாலையில் இன்னும் மேற்கே குமணன்சாவடி, கரையான்சாவடி என்னும் பெயர்களையும் காணலாம். சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் வந்தவர்களுக்காக ஏற்பட்ட பெயர்கள் இவை. இன்று அந்தச் சாலை பெங்களூரை நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை. லாரிகளும் பேருந்துகளும் கல்லூரி வாகனங்களும் இரவு பகலாக ஓடுகின்றன. வடகிழக்கே அம்பத்தூர். 1949இல் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் தோன்றியதும், 1964இல் தொழிற்பேட்டை எழுந்ததும் அங்கேதான். நாடெங்கும் ஓடிய ஹெர்குலிஸ் சைக்கிளைச் செய்து தந்த வட்டாரம் இது. ஆகவே, சைக்கிளை நிறுத்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

வேலப்பன்சாவடியிலிருந்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் ஒருவர், போக 8, வர 8 என்று நாளொன்றுக்கு 16 கிலோமீட்டர் செல்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் அவர் போனால், அன்றைய கணக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிளில் போனால் முக்கால் கிலோ. மின்சாரக் காரில் புகைக்குழாய் இல்லைதான். ஆனால் நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னமும் நிலக்கரியிலிருந்தே வருவதால், அதற்கும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஆகிவிடும்.

இனி சைக்கிளைத் தராசில் வைப்போம். கிலோமீட்டருக்குச் சுமார் 25 கலோரி வீதம் 16 கிலோமீட்டருக்கு 400 கலோரி செலவாகும். அதை ஈடுகட்ட 110 கிராமுக்குச் சற்று மேற்பட்ட அரிசி வேண்டும். நீர் தேங்கிய நெல்வயலிலிருந்து மீத்தேன் வாயு எழுகிறது. உரம், அரைவை, போக்குவரத்து எல்லாம் சேர்த்து ஒரு கிலோ அரிசிக்கு உலகச் சராசரியாகச் சுமார் 4 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான பாரம் சொல்லப்படுகிறது. அப்படியானால் நம் தொழிலாளியின் சைக்கிள் பயணத்துக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஐரோப்பிய மிதிவண்டியாளர் கூட்டமைப்பு 2011இல் வெளியிட்ட கணக்கும் இதையொட்டியதே: சைக்கிளைச் செய்வதற்கு 5 கிராம், உணவுக்கு 16 கிராம், ஆக கிலோமீட்டருக்கு 21 கிராம், காருக்கோ 271 கிராம்.

ஆகவே, புகையே இல்லாத வாகனம் என்று சைக்கிளைச் சொல்வது மிகை. ஆனால் காரைவிடப் பல மடங்கு இலேசானது என்பதில் ஐயமில்லை. இங்கே குதர்க்கம் ஒன்று எழுப்பப்படுகிறது. அந்த 400 கலோரியையும் ஒருவர் மாட்டிறைச்சியாகவே உண்டால்? ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு உலகச் சராசரியாக 60 கிலோவும் அதற்கு மேலும் கணக்கிடுகிறார்கள். அப்போது சைக்கிள் பயணத்தின் பாரம் காரை நான்கு மடங்கு மிஞ்சிவிடும். கணக்கு சரிதான், ஆனால் உழைத்துக் களைத்த எந்தத் தொழிலாளி அப்படி உண்கிறான்? மேலும், காரில் போகிறவர் பசியோடு இருந்துவிடுவதில்லை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது உடல் உழைப்பு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் சொல்கிறது. காரில் அலுவலகம் போய், பிறகு அதே காரில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவரின் செலவையும் எழுதினால் அல்லவா கணக்கு நேராகும்?

நேர்மைக்காக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். லிட்டர் டீசலுக்கு 4 கிலோமீட்டர் ஓடும் பேருந்து 50 பேரை ஏற்றிச் சென்றால், நம் 16 கிலோமீட்டருக்கு ஆளொன்றுக்கு 200 கிராமுக்குச் சற்று அதிகமாகவே ஆகிறது. சோற்றையும் சேர்த்துப் பார்த்தால் நிறைந்த பேருந்து சைக்கிளையும் வென்றுவிடுகிறது. சைக்கிளின் பெருமை காருக்கு எதிரே நிற்கும்போதுதான். பேருந்துக்கு அது போட்டியன்று, தோழன்.

இதுவரை சொன்னவை எண்களின் வழக்கு. இனி வருவது மனச்சாட்சியின் வழக்கு. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் உல்ரிச் 2006இல் ஓர் ஆய்வுரை எழுதினார். சைக்கிள் மிதிப்பவர் உடல் நலம் பெற்று நெடுநாள் வாழ்கிறார். நெடுநாள் வாழ்பவர் கூடுதல் ஆண்டுகளுக்கு உண்கிறார், உடுக்கிறார், விளக்கெரிக்கிறார். ஆகவே சைக்கிளால் மிச்சமாகும் எரிசக்தியில் பெரும்பகுதியை அந்த நீண்ட ஆயுளே விழுங்கிவிடுகிறது என்பது அதன் சாரம். சைக்கிளை வெறுத்து அவர் இதை எழுதவில்லை. கணக்கு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று காட்டினார். நாம் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். சிரித்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது.

ஏனெனில், மனிதனின் ஆயுளைச் செலவுப் பத்தியில் எழுதும் கணக்குக்கு ஒரு முடிவுதான் உண்டு: மனிதன் இல்லாத உலகமே தூய உலகம் என்னும் முடிவு. இஸ்லாம் இதை ஒப்புவதில்லை. பூமி மனிதனிடம் அமானிதமாக ஒப்படைக்கப்பட்டது. அவன் அதில் பிரதிநிதி. அமானிதத்தைக் காப்பவன் வாழ வேண்டும் என்பதற்காகத்தான் காவலே தவிர, காவலனை ஒழித்துவிட்டு எதைக் காப்பது? ஓர் உயிரை வாழவைப்பதை மனித குலத்தையே வாழவைப்பதற்கு ஒப்பாகத் திருமறை போற்றுகிறது. நீடித்த ஆயுள் நன்மைத் தட்டில் வைக்க வேண்டிய பொருள். தராசு பழுதில்லை, பொருளைத் தட்டு மாற்றி வைத்ததுதான் பழுது.

தட்டு மாறாமல் வைத்தால் வேறு பல உண்மைகளும் தெரிகின்றன. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். தமிழக அரசு 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, 2005-06 முதல் அத்திட்டத்தை விரிவாக்கியது. அந்தப் பெண்கள் விட்டுக்கொடுத்த கார் எது? ஒன்றுமில்லை. நடந்து போயிருப்பார்கள், அல்லது போகாமலே இருந்திருப்பார்கள். புகைக் கணக்கில் அந்தச் சைக்கிளால் மிச்சமானது பூஜ்யம். ஆயினும், படிப்புக்குப் போய்ச் சேர்ந்த ஒரு பெண்ணைப் பூஜ்யம் என்று எழுத எந்தக் கை துணியும்?

இதே கேள்வி அம்பத்தூருக்கு மிதித்துச் செல்லும் தொழிலாளிக்கும் பொருந்தும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வேளாண்மையும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலைகளுக்குச் செல்வோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர் சைக்கிளில் சென்றார்கள். காரில் சென்றவர்கள் 3 பேருக்கும் குறைவு. அந்த 13 பேரில் மிகப் பெரும்பாலோர் உலகைக் காப்பதற்காக மிதித்தவர்கள் அல்லர். வேறு வழி இல்லாமல் மிதித்தவர்கள். செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்று அறிந்தவர்கள் நாம். வசதியுள்ளவர் காரை நிறுத்திவிட்டுச் சைக்கிளை எடுப்பது ஒரு தியாகம். அதற்கு நிய்யத்தின் கூலி உண்டு. இல்லாதவர் மிதிப்பது தியாகம் அன்று. ஆனால் அவர் விடாத புகையால் நாம் அனைவரும் பயனடைகிறோம். அதற்கு நாம் அவருக்குச் செலுத்தும் பதில் என்ன? நம் வாகனங்களின் புகையை அவர் முகத்தில் ஊதுகிறோம்.

2016இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வொன்று, காற்றில் நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் இருக்கும் ஊர்களில்கூட, நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் சைக்கிள் மிதிக்கும் வரை தீமையைவிட நன்மையே மிகுதி என்று கண்டது. சென்னையின் ஆண்டுச் சராசரி அந்த அளவைவிடப் பெரிதும் குறைவு. ஆகவே காற்றுக்கு அஞ்சிச் சைக்கிளைக் கைவிட வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது சாலைக்குத்தான். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். அவர்களில் 32 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதசாரிகள். நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஒதுங்க இடமில்லாமல் மிதிப்பவன், கரியமில வாயுவை மிச்சப்படுத்தித் தன் உயிரைப் பணயம் வைக்கிறான்.

தெருவோரங்களில் அமர வேண்டாம் என்று தடுத்த பெருமானார் (ஸல்) அவர்கள், தோழர்கள் அது தவிர்க்க இயலாதது என்றபோது, பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடப் பணித்தார்கள். பிறருக்குத் தொல்லை தராதிருப்பது அந்த உரிமைகளில் ஒன்று. பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையும் ஈமானின் ஒரு கிளையாக எண்ணும் மார்க்கம் இது. முள்ளைவிடப் பெரிய தொல்லைகளை இன்று நாமே பாதையில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். சென்னை மாநகராட்சி 2014இல் வகுத்த கொள்கை, போக்குவரத்து நிதியில் நூற்றுக்கு 60 பங்காவது நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் என்று சொன்னது. காகிதத்தில் இருக்கும் உரிமையைத் தெருவில் கேட்டு வாங்குவது பொதுமக்கள் கடமை. நம் ஜமாஅத்துகளும் கேட்கலாம்.

கேட்பதற்கு முன்னால் நம் வீட்டு வாசலையும் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலில் பள்ளிவாசல் தெருக்களைக் கவனித்தவர்கள் அறிவார்கள். அரைக் கிலோமீட்டர் தொலைவில் வீடு, அதற்குக் கார். இரு மருங்கிலும் நிறுத்தியதால் பாதை அடைபட்டு, தொழாத அண்டை வீட்டாரும் அவதிப்படுகிறார்கள். எந்திரம் சூடேறுவதற்குள் முடிந்துவிடும் இத்தகைய குறும்பயணங்களில்தான் கார் தன் அளவுக்கு மீறிப் புகை கக்குகிறது. பள்ளியை நோக்கி வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டு என்று கற்றவர்கள், அந்த அடிகளைப் பெட்ரோலுக்கு விற்றுவிடுகிறோம். கைக்கூலியாக ஒரு காலத்தில் சைக்கிள் கேட்ட மாப்பிள்ளை வீட்டார் பிறகு மோட்டார் சைக்கிளும், இன்று காரும் கேட்கிறார்களே, அந்த இழிவும் இதே நோயின் வேறொரு முகம். சைக்கிளில் வருபவன் சிறியவன், காரில் வருபவன் பெரியவன் என்னும் எண்ணம் இருக்கும் வரை எந்தப் புள்ளிவிவரமும் நம்மை மாற்றாது.

முடிவாக, காரைவிடச் சைக்கிள் சுற்றுச்சூழலுக்கு நல்லதா என்றால், ஆம். சோற்றைச் சேர்த்து நிறுத்தாலும் ஆம். அந்த நன்மை காரில் போயிருக்கக்கூடியவர் போகாமல் விடும்போதுதான் புதிதாகப் பிறக்கிறது. ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கலாகாது என்று கற்ற நமக்கு, வாங்கும் வசதி இருப்பது எரிக்கும் உரிமை ஆகாது என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏற்கெனவே மிதித்துக்கொண்டிருப்பவருக்கு நாம் உபதேசம் செய்ய வேண்டாம், வழிவிட்டால் போதும். மிதிக்கும் வசதியிருந்தும் மிதிக்காத நாம்தான், பால் வாங்கவும் பள்ளிவாசலுக்குப் போகவும் காரை எடுக்கும் முன் ஒரு கணம் தராசை நினைக்க வேண்டும்.