யார் முதலில் கற்க வேண்டும்?

பல மொழியினர் ஒன்றுகூடிப் பணியாற்றும் இடங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: யாருடைய மொழியை யார் கற்க வேண்டும்? உலகியலில் இதற்குக் கிடைக்கும் விடை எளியது. தேவை யாருக்கோ அவரே கற்கட்டும் என்பதே அது. தொழிலாளி மேலாளரின் மொழியைக் கற்கிறார். நோயாளி மருத்துவரின் மொழியில் தன் துன்பத்தைச் சொல்லத் தடுமாறுகிறார். வசதியைக் கருதினால் இந்த விடை போதும். அறத்தைக் கருதினால் போதுமா என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

இக்கேள்விக்கு உரைகல்லாக அமைந்திருப்பவை அந்தமான் நிக்கோபார் தீவுகள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கு வாழ்வோர் சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் பேர். வங்காளி, ஹிந்தி, தமிழ், தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி எனத் தாய்மொழிகள் பல. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் மட்டும் ஏறத்தாழ 15 சதவீதம். 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரின் அலுவலகங்களிலும் துறைமுகத்திலும் இவர்களை இணைப்பது எளிமையான ஒருவகை ஹிந்தி. 1858-இல் ஆங்கிலேயர் அங்குத் தண்டனைக் குடியேற்றத்தை அமைத்தனர். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கொண்டுசெல்லப்பட்ட கைதிகளிடையே வேர்விட்ட பொதுமொழி அது. ஒருவர் பிழையை மற்றவர் பொறுத்துக்கொண்டதால்தான் அது வளர்ந்தது.

ஆயினும் அத்தீவுகளின் தொல்குடியினர் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே இருந்தனர். யார் முதலில் கற்க வேண்டும் என்ற கேள்வி அங்கேதான் கூர்மை பெற்றது.

மொழியறிவு மட்டும் போதுமா?

1863-இல் ராஸ் தீவில், பாதிரியார் ஹென்றி கார்பின் பொறுப்பில், 'அந்தமான் இல்லம்' தொடங்கப்பட்டது. காட்டில் வாழ்ந்தவர்களை அங்கே வைத்து ஆங்கிலம் கற்பித்தனர். நாகரிகம் புகட்டுவதே நோக்கம் என்றனர். அவர்கள் எதை விரும்புகிறார்கள் என்று கேட்பதற்கு அங்கே இடமிருக்கவில்லை. 1877-இல் பரவிய தட்டம்மை பெரிய அந்தமானியரில் பலரைப் பலிகொண்டது.

ஆள்வோரும் பின்னர் மொழி கற்றனர். அதிகாரி எம்.வி. போர்ட்மன் 1887-இல் அந்தமானிய மொழிகளுக்குக் கையேடு ஒன்றையே வெளியிட்டார். ஆயினும் அம்மக்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. அவர்களுடைய மொழிகளுள் ஒன்றான 'போ' மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி 2010 ஜனவரியில் காலமானார். ஆள்வதற்காகக் கற்ற மொழி அம்மக்களைக் காக்கவில்லை. எனவே, மொழியறிவு தன்னளவில் நற்பண்பு ஆகிவிடாது. அது எதற்காகக் கற்கப்படுகிறது என்பதே அதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது.

மருத்துவர் மாணவரானபோது

நெடுங்காலம் வெளியாரை அம்பு எய்து விலக்கி வைத்தவர்கள் ஜாரவாக்கள். 'ஜாரவா' என்பதுகூட அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. 'அயலார்' என்ற பொருளில் வேறொரு அந்தமானிய இனத்தவர் வழங்கிய சொல். அவர்கள் தம்மை 'அங்' என்றே அழைத்துக்கொள்கின்றனர். 1996-இல் கால் முறிந்து கிடந்த ஜாரவாச் சிறுவன் ஒருவன் போர்ட் பிளேர் மருத்துவமனையில் பல மாதங்கள் சிகிச்சை பெற்றுக் காடு திரும்பினான். 1997-இன் பிற்பகுதியிலிருந்து அம்மக்கள் தாமாகவே குடியிருப்புகளை நாடி வரத் தொடங்கினர்.

மத்திய அந்தமானில் கதம்தலாவில் பணியாற்றிய மருத்துவர் ரத்தன் சந்திர கர், 1998 முதல் அவர்களிடையே பழகி அவர்களுடைய மொழியைக் கற்றார். 1999-இல் அவர்களிடமும் தட்டம்மை பரவியது. வெளியுலக நோய்களுக்கு எதிர்ப்பாற்றல் இல்லாத சிறு சமூகத்துக்கு அந்நோய் பேரழிவாகலாம். இம்முறை அவர்களுக்குச் சிகிச்சை கிடைத்தது, அவர்கள் பிழைத்தனர். 2023-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இவ்வாறே, லிட்டில் அந்தமானில் ஓங்கே மக்களிடையே தொண்டாற்றிய செவிலியர் சாந்தி தெரசா லக்ராவும் அவர்களுடைய மொழியைப் பழகினார். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னும் அவர்களோடு காட்டில் தங்கிப் பணி செய்தார். 2011-இல் அவர் பத்மஸ்ரீ பெற்றார்.

இங்கே கற்றவர்கள் யார்? மருந்து யார் கையில் இருந்ததோ அவர்கள். வலிமை உடையவர் முதலில் மாணவராகும்போது, எளியவரின் அச்சம் விலகுகிறது.

பெரிய அந்தமானிய மொழியை ஆராய்ந்த பேராசிரியர் அன்விதா அப்பி ஒரு வியப்பான இயல்பைச் சுட்டியுள்ளார். அம்மொழியில் உடலுறுப்பை உரியவரோடு சேர்க்காமல் தனியாகச் சொல்ல இயலாது. வெறும் 'கால்' என்பது இல்லை. 'என் கால்', 'அவன் கால்' என்றே கூற வேண்டும். நோயாளியைக் கட்டில் எண்ணாகவும் தொழிலாளியை வருகைப் பதிவேட்டு எண்ணாகவும் கருதும் பணியிடங்களுக்கு, எழுத்தில்லாத ஒரு மொழியின் இலக்கணம் புகட்டும் பாடம் இது: வலி எப்போதும் ஒரு மனிதருக்கு உரியது.

செவியே முதல் திறன்

திருவள்ளுவர் 'சொல்வன்மை' அதிகாரத்தை அமைச்சியலில் வைத்தார்; 'கேள்வி' அதிகாரத்தையோ அரசியலில் வைத்தார். அமைச்சனுக்குச் சொல்லாற்றல் வேண்டும். ஆள்பவனுக்குக் கேட்கும் செவி வேண்டும். பணியிடத் தொடர்புத்திறன் என்றதும் பேச்சுப் பயிற்சியையே எண்ணும் இக்காலத்துக்கு இந்த வைப்புமுறை பொருள் நிறைந்தது.

எல்லா மொழிகளையும் ஒருவரால் கற்க முடியுமா என்று கேட்கலாம். முடியாதுதான், அறம் அதைக் கேட்கவும் இல்லை. திருப்பூரின் பின்னலாடைத் தொழிற்சாலையில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களை மேற்பார்வையிடுபவர், அவர்கள் மொழியில் 'வலிக்கிறதா?', 'சாப்பிட்டீர்களா?', 'புரியவில்லை என்றால் சொல்லுங்கள்' என்ற மூன்றையேனும் கற்கலாம். உச்சரிப்பு பிழைபட்டுச் சிரிப்பு எழுந்தாலும் நன்மையே. அந்தச் சிரிப்பில் மேலோர் கீழோர் என்ற சுவரில் ஒரு கல் பெயர்கிறது.

கேட்பது என்பதில் மறுப்பை ஏற்பதும் அடங்கும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வடக்கு சென்டினல் தீவினரின் நிலையறியச் சென்ற ஹெலிகாப்டரை நோக்கி அத்தீவுவாசி ஒருவர் அம்பு எய்தார். 'உயிரோடு இருக்கிறோம், வராதீர்கள்' என்று அதைப் புரிந்துகொள்ள அகராதி தேவைப்படவில்லை. மேலாளர் முன் தலைகுனிந்து நிற்கும் தொழிலாளியின் மௌனமும் சிலவேளை அத்தகைய விடையே. அதைச் சம்மதம் என்று கொள்வது மொழிப்பிழை அன்று, அறப்பிழை.

யார் முதலில் கற்க வேண்டும்? யாரிடம் அதிகாரம் இருக்கிறதோ, அவர். தாழ்ந்து அமர்ந்து பிறர் மொழியின் முதற்சொல்லைப் பழகுவது அவருடைய பதவியைக் குறைப்பதில்லை. அகந்தையை மட்டுமே குறைக்கிறது. தொண்டு அங்கேதான் தொடங்குகிறது.