குருகும் கமராவும்

ஒரு காட்சியைக் கண்டவர் எல்லோரும் அதற்குச் சாட்சியாகிவிடுவாரா? நீர்ப்பறவைகள் வழக்கத்துக்கு மாறான இரையைக் கவ்வும் கணத்தைப் படம்பிடிக்கும் கலை இந்தக் கேள்வியை நம்முன் வைக்கிறது. மீனும் தவளையும் தின்னும் நாரை ஒருநாள் பாம்பொன்றை அலகில் தூக்குகிறது. பிறிதொரு நாள் எலியைக் கவ்வி நீரில் அமிழ்த்தி விழுங்குகிறது. அந்த ஒரு நொடிக்காக மணிக்கணக்காகக் காத்திருப்பவரின் பொறுமையை நாம் இகழவில்லை. அதில் உழைப்பு உண்டு. அறிவியலுக்குப் பயனும் உண்டு.

கொழும்பில் வாழ்வோர் இதற்காகத் தொலைதூரக் காடுகளை நாடவேண்டியதில்லை. வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையிலும் கொக்கு நிற்கும். 1990இல் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட பெல்லன்வில - அத்திடிய சதுப்பு நிலம் நகரின் தெற்கு வாசலிலேயே கிடக்கிறது. 2018இல் ராம்சர் சாசனத்தின்கீழ் 'ஈரநில நகரம்' என்னும் அங்கீகாரத்தை உலகில் முதன்முதலாகப் பெற்ற 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்று.

இந்த நீரில் இன்று விசித்திர இரைக்குப் பஞ்சமில்லை. எலும்புத் தகடு போர்த்த தென்னமெரிக்க மீனொன்று, கண்ணாடித் தொட்டிகளின் பாசியைத் தின்பதற்கென இறக்குமதியாயிற்று. தென்கிழக்காசியாவின் கத்தி மீன் அழகுக்காக வந்தது. தொட்டிக்கு அடங்காது வளர்ந்தவை கால்வாயில் விடப்பட்டன. இன்று கொழும்பைச் சூழ்ந்த நீர்நிலைகளில் அவை இரண்டும் வாழ்கின்றன.

தகடு போர்த்த அம்மீனை நாரை தூக்கி நிற்கும் படம் எவர் கண்ணையும் கவரும். ஆனால் அம்மீனின் செட்டைமுட்கள் விறைத்து நின்றால் தொண்டையில் இறங்கமாட்டா. புவேர்ட்டோ ரிக்கோவில் அதை விழுங்க முயன்ற கூழைக்கடாக்கள் தொண்டை அடைபட்டு இறந்தமை பதிவாகியுள்ளது. படத்தில் வெற்றியாகத் தெரிவது, பறவையின் சாவுக்கு முந்திய கணமாகவும் இருக்கலாம்.

குறுந்தொகையில் கபிலர் படைத்த தலைவி ஒருத்தி, தலைவன் தன்னைக் கூடிய பொழுதில் அங்கே வேறெவரும் இல்லை, ஒரு குருகு மட்டுமே நின்றது என்கிறாள். அக்குருகோ ஓடும் நீரில் ஆரல் மீனையே பார்த்து நின்றது. அருகில் இருந்தும் அது சாட்சியாகவில்லை. பசித்த பறவையிடம் குறை காண்பது நியாயமன்று. இரையின்மேல் மட்டும் குவிந்த கமராவின் நிலையும் அதுவேயாயின், அதை மனிதப் பார்வை என்று எவ்வாறு கூறுவது?

படத்தின் விளிம்புக்கு அப்பால் இருப்பவை எவை? மண் நிரப்பி மேடாக்கப்பட்ட சதுப்பு நிலங்கள். வெள்ளம் பெருகினால் முதலில் நனையும் கால்வாயோரக் குடிசைகள். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30க்கு மேற்பட்ட மக்கள் மாண்டனர். நகரம் வேண்டாமென்று எறிவது எதுவும் மறைந்துபோவதில்லை. அது ஏழையின் வாசலிலோ பறவையின் அலகிலோ வந்து சேர்கிறது. இவ்விரண்டையும் தனித்தனிச் செய்திகளாகக் காண்பது நமது பார்வையின் குறைபாடே.

கலைஞன் அழகைக் காட்டட்டும், காரணத்தை ஆராய்வது அவன் பணியன்று என்பார் உளர். படம் எடுக்கவேண்டாம் என்பதல்ல நமது வாதம். இரையை எறிந்து பறவையை வரவழைத்து, அதை இயற்கையென்று காட்டும் பொய்யைக் கைவிடவேண்டும். எடுத்த படத்தோடு இரையின் பெயரையும், அது இந்நீருக்கு வந்த வழியையும், இடத்தையும் நாளையும் எழுதிவைக்கவேண்டும். அப்பொழுதே கண்டவர் சாட்சியாகிறார்.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. அத்தகைய படமொன்று வகுப்பறைக்கு வரும்போது, "எவ்வளவு அழகு!" என்று மாணவர் வியக்கட்டும், அந்த வியப்பு வேண்டியதே. அது அடங்கியபின், "இந்த மீன் இங்கே எப்படி வந்தது?" என்று ஆசிரியர் கேட்கட்டும். அந்த வினாவுக்கு விடை தேடும் மாணவன் கடைத்தெருவுக்கும், கால்வாய்க்கும், குப்பைமேட்டுக்கும் போயே ஆகவேண்டும்.